லைனருக்குள் கறுப்பு கோட்டிங் அடிக்கலாமா? எஞ்சின் பிரித்தவர்கள் சொல்லுங்கள்

முதுநகர் விசைப்படகு (கடலூர் முதுநகர்)

வணக்கம். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் படகைக் கரையேற்றி எஞ்சினை இறக்கிவிட்டோம். ஆறு சிலிண்டர் டீசல், லாரி எஞ்சினைப் படகுக்கு மாற்றிப் பொருத்தியது. போன சீசன் கடைசியிலேயே நீலப்புகை, ஆயில் குடிக்க ஆரம்பித்துவிட்டது, விடியற்காலையில் ஸ்டார்ட் ஆகவும் ரொம்ப நேரம் எடுத்தது. ஹெட்டைக் கழற்றினால் எல்லா லைனரிலும் (பிஸ்டன் ஓடுகிற இரும்புக் குழாய்) மேல்பக்கம் விரல் நகம் தட்டுகிற அளவுக்குப் படி விழுந்திருக்கிறது. இரண்டு லைனரில் நெடுக்காகக் கீறலும் இருக்கிறது.

எங்களுக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர், புதுச்சேரிப் பக்கம் ஓரிடத்தில் லைனருக்குள் கிராஃபைட்டும் மாலிப்டினமும் கலந்த கறுப்பு கோட்டிங் அடித்து ஓவனில் சுட்டுத் தருகிறார்கள், உராய்வே இருக்காது, டீசல் நூற்றுக்கு இருபது மிச்சமாகும், பழைய லைனரையே லேசாக ஹோனிங் போட்டு (உள்சுவரைக் கல்லால் தேய்த்து) அடித்துவிடலாம், புது லைனர் வாங்கும் காசில் பாதிதான் என்கிறார். புது பிஸ்டன் பெட்டியைப் பிரித்தால் பக்கவாட்டில் கறுப்பாக ஒரு பூச்சு இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் இதைச் சும்மா பேச்சு என்று ஒதுக்கவும் முடியவில்லை. ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடியும், அதற்குள் எஞ்சின் ஏற வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


தாழங்குடா ஃபைபர்

இதே பேச்சு எங்கள் பக்கமும் ஓடுகிறது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினுக்கும் அடித்துத் தருகிறார்களாம். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.


சேதராப்பட்டு மெஷின்ஷாப் (புதுச்சேரி)

அண்ணா, நான் பிஸ்டன் பாகங்கள் செய்கிற ஆலையில் கோட்டிங் பிரிவில் வேலை பார்க்கிறவன், அதனால் அந்தக் கறுப்பு என்ன, அது எங்கே நிற்கும் எங்கே நிற்காது என்று தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிஸ்டனின் கீழ்ப்பகுதி, அதாவது ஸ்கர்ட், அதில் இருக்கும் கறுப்புப் பட்டை கிராஃபைட் அல்லது மாலிப்டினம் டைசல்பைடு, பல நேரம் இரண்டும் சேர்ந்தது. தூளைத் தனியாகப் பூசினால் ஒட்டாது, பாலிஅமைடு-இமைடு என்ற ரெசினில் குழைத்துத்தான் அடிப்போம். முதலில் பிஸ்டனில் எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் கழுவ வேண்டும், இந்த இடத்தில் சோம்பினால் பிறகு எவ்வளவு நல்ல மருந்து போட்டாலும் உரியும். அப்புறம் துணியில் டிசைன் அச்சடிக்கிற மாதிரியே வலை வைத்து அச்சிடுவோம், சில இடங்களில் ஸ்ப்ரே. பிறகு 200 டிகிரி சுற்றி ஓவனில் வைத்துச் சுடுவது. முடிந்த பூச்சின் கனம் 10 முதல் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று ஒரு மைக்ரான்), ஒரு மயிரிழையைவிட மெல்லியது.

இது ஏன் ஸ்கர்ட்டில் நிற்கிறது? ஸ்கர்ட் பரந்த இடம். பிஸ்டன் ஒரு பக்கமாகச் சாய்ந்து லைனரில் இடிக்கும்போது அந்த விசை பெரிய பரப்பில் பரவுகிறது, சூடும் மேல்தலையை ஒப்பிட்டால் குறைவு. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முதல் சில நொடி, ஆயில் இன்னும் மேலே வந்து சேராத அந்த நேரத்தில் அலுமினியம் நேராக இரும்பில் தேயாமல் இது காப்பாற்றும். நான் பழைய பிஸ்டன்களைக் கையில் வாங்கினால் முதலில் பார்ப்பது இதைத்தான். நன்றாக ஓடிய எஞ்சினில் கறுப்பு நடுவில் மட்டும் மெலிந்து, கடைசல் வரிகளின் முகடுகள் பளபளவென்று தெரியும், வரிகளின் பள்ளத்தில் கறுப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும். ஓரங்களில் அச்சு வலையின் தடம்கூட மாறாமல் இருக்கும். சூடேறிப் பிடித்த எஞ்சினில் ஒரு பக்கம் மொத்தமாக வழித்தெடுத்து அலுமினியம் இழுபட்டிருக்கும்.

லைனர் கதை வேறு. அங்கே உரசுவது பிஸ்டனைச் சுற்றி மாட்டிய ரிங். மெல்லிய விளிம்பு, அதன் பின்னால் எரிந்த வாயுவின் அழுத்தம் புகுந்து ரிங்கைச் சுவரோடு அழுத்துகிறது. டீசல் எஞ்சினில் அந்த அழுத்தம் எரியும் நேரத்தில் 100 பாரை, அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் நூறு மடங்கைத் தாண்டும். ரெசினில் குழைத்த மென்மையான பூச்சை அந்த விளிம்பு வழித்து ஆயிலுக்குள் தள்ளிவிடும். அது போக, ஹோனிங் போட்ட லைனரில் குறுக்குக் கோடுகளின் ஆழமே சில மைக்ரான்தான். அதன் மேல் 15 மைக்ரான் கறுப்பு அடித்தால் ஆயில் தங்க வேண்டிய பள்ளம் முழுக்க அடைந்துபோகும். காசு கொடுத்து ஹோனிங் போட்டு, காசு கொடுத்து அதை மூடுவது எதற்கு?

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். விரல் நகம் தட்டும் படி என்றால் தேய்மானம் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு என்று போயிருக்கும். அது 100, 200 மைக்ரான். 15 மைக்ரான் பூச்சு அதை எப்படி ஈடுகட்டும்? அளவு எடுத்துப் போடுங்கள், அப்புறம் பேசலாம்.


பண்ருட்டி லேத்

தம்பி சொல்வது கம்பெனிக் கணக்கு. நான் இந்தத் தொழிலில் தலை நரைத்தவன். கரும்பு அரவை, முந்திரி ஆலை, பம்புசெட் என்று எத்தனையோ எஞ்சினுக்குப் போரிங் போட்டிருக்கிறேன். கிராஃபைட் தூளை ஆயிலில் குழைத்து போரில் (சிலிண்டர் துளையில்) தடவித்தான் அந்தக் காலத்தில் பிஸ்டன் இறக்குவோம். எல்லாம் நன்றாகத்தான் ஓடின. கிராஃபைட் கெடுதல் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.


சிதம்பரம் பொருளறிவியல்

ஐயா, கிராஃபைட் கெடுதல் என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் போட்ட ஒவ்வொரு வார்ப்பிரும்பு லைனருக்குள்ளும் கிராஃபைட் ஏற்கெனவே இருக்கிறது, இந்த இழையில் அது கட்டாயம் பேசப்பட வேண்டிய விஷயம். சாம்பல்நிற வார்ப்பிரும்பில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் கரி, அதில் பெரும்பகுதி சின்னச் சின்னக் கிராஃபைட் செதில்களாக இரும்புக்குள் கிடக்கும். ஹோனிங் கல் நன்றாக வெட்டினால் அந்தச் செதில்களின் வாய் திறந்து மேற்பரப்புக்கு வரும். ஆயில் மெலியும் இடத்தில் அவை மசகாகும், செதில் உதிர்ந்த குழியில் ஆயில் தங்கும். மழுங்கின கல்லால் தேய்த்தால் இரும்பு இழுபட்டுச் செதில்களின் வாயை மூடிவிடும், கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரியும், ஆனால் அது நல்ல போர் இல்லை. எஞ்சின் சிலிண்டருக்கு வார்ப்பிரும்பு இத்தனை காலம் நிலைத்ததற்கு இந்தச் செதில்களும் ஒரு காரணம்.

திட மசகு எங்கே தேவைப்படுகிறது என்பதையும் சொல்கிறேன். பிஸ்டன் ஓடும்போது ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் ஆயில் படலம் நிற்பது வேகத்தால். ஜெர்மானியரான ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1902-இல் தாங்கு உருளைகளில் அளந்து காட்டியது இதைத்தான்: வேகம் குறையக் குறையப் படலம் மெலியும், ஒரு கட்டத்தில் உலோகம் உலோகத்தைத் தொடும், உராய்வு சட்டென ஏறும். பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் இடத்தில் வேகம் பூஜ்யம். அதே நேரத்தில்தான் அழுத்தமும் சூடும் உச்சம், ஆயிலும் தண்ணீராக இளகியிருக்கும். முதுநகர் அண்ணா சொன்ன படி லைனரின் மேல்பக்கம் விழுந்திருப்பது இதனால்தான், முதல் ரிங் நின்று திரும்பும் கோடு அது. நடுவில் தேய்மானம் குறைவாக இருக்கும், அளந்தால் தெரியும்.

கிராஃபைட், மாலிப்டினம் டைசல்பைடு இரண்டும் அடுக்குப் பொருள்கள். வெற்றிலைக் கவுளியில் ஒரு இலை இன்னொரு இலை மேல் நழுவுவதைப் போல அடுக்குகள் நழுவும், அதனால்தான் வழுக்கல். ஆனால் இரண்டின் குணமும் எதிரெதிர். கிராஃபைட்டுக்குக் காற்றில் ஈரம் வேண்டும், ஈரம் அடுக்குகளின் விளிம்பில் ஒட்டிக்கொண்டால்தான் அது வழுக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெகு உயரத்தில் பறந்த விமானங்களின் ஜெனரேட்டர் கார்பன் பிரஷ்கள் பொடிப்பொடியாகத் தேய்ந்துபோக, காரணம் தேடியபோது அங்கே காற்றில் ஈரம் இல்லை என்பது தெரிந்தது. மாலிப்டினம் டைசல்பைடு தலைகீழ், வறண்ட இடத்திலும் வெற்றிடத்திலும் பிரமாதம், அதனால்தான் விண்கலங்களில் அதைப் போடுகிறார்கள். ஈரக்காற்றில் அதன் வழுக்கல் குறையும், 350 டிகிரி தாண்டிக் காற்றில் வைத்தால் ஆக்சைடாக மாறத் தொடங்கும். டெஃப்லான் 327 டிகிரியில் உருகிவிடும். போரான் நைட்ரைடு என்று வெள்ளையாக ஒன்று உண்டு, அது காற்றில் 900 டிகிரி வரை தாங்கும், ஆனால் விலை அதிகம், பூச்சாகப் பிடிக்க வைப்பதும் கடினம். கிராஃபைட்டையும் மாலிப்டினத்தையும் கலந்து அடிப்பது ஒன்று தடுமாறும் இடத்தில் மற்றது கைகொடுக்கும் என்பதற்காக.


முதுநகர் விசைப்படகு

இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை, நன்றி. ஆனால் பட்டறைக்காரர் ஒரு கேள்வி கேட்கிறார், அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. கடையில் "மாலி ரிங்" என்றே விற்கிறார்களே, ரிங்கில் மாலிப்டினம் நிற்கும்போது லைனரில் ஏன் நிற்காது என்கிறார்.


சேதராப்பட்டு மெஷின்ஷாப்

நல்ல கேள்வி, பாதிப் பட்டறைகளில் இந்தக் குழப்பம் இருக்கிறது. மாலி ரிங்கில் இருப்பது மாலிப்டினம் உலோகம், பிளாஸ்மா சுடரில் உருக்கி ரிங்கின் முகத்தில் தெளித்தது. உருகுநிலை 2600 டிகிரிக்கு மேல், கடினமான உலோகம், அடுக்கு வழுக்கல் எதுவும் கிடையாது. அது நல்லது என்பதற்குக் காரணம் வேறு: தெளித்த உலோகத்தில் இருக்கும் நுண்துளைகளில் ஆயில் தங்கும், சூட்டில் லைனரோடு உருகி ஒட்டிக்கொள்ளாது. மாலிப்டினம் டைசல்பைடு என்பது கந்தகத்தோடு சேர்ந்த கறுப்புத் தூள், மென்மையானது. ஒரே பெயரை வைத்து இரண்டையும் ஒன்றாக்கி விற்பது வாடிக்கையாளருக்குச் செய்கிற அநியாயம்.


வில்லியனூர் ரைடர்

படகுக்காரர்கள் இழையில் பைக் கேள்வி கேட்பதற்கு மன்னிக்கவும். டியூக் 390-இல் நிக்காசில் என்கிறார்கள், ஆர்15-இல் டயாசில் என்கிறார்கள், அதெல்லாம் போரில் அடித்த பூச்சுதானே, அது மட்டும் எப்படி நிற்கிறது? இன்னொன்று, ஆயிலில் ஊற்றுகிற டெஃப்லான் பாட்டில், மாலி பாட்டில் போடலாமா?


சேதராப்பட்டு மெஷின்ஷாப்

தம்பி, நிக்காசில் மின்முலாம். நிக்கலுக்குள் சிலிக்கன் கார்பைடு துகளைப் பதித்து ஏற்றுவது, ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967 வாக்கில் வாங்கெல் என்ற சுழல் எஞ்சினுக்காகக் கொண்டுவந்தது. பிறகு வைரக்கல்லில் ஹோனிங் போட்டு அளவுக்குக் கொண்டுவருவார்கள். யமஹாவின் டயாசில் பூச்சே இல்லை, சிலிக்கன் நிறைய கலந்த அலுமினியத்திலேயே வார்த்த சிலிண்டர், சிலிக்கன் துகள்கள்தான் ரிங்கைத் தாங்குகின்றன. இரண்டும் அலுமினியச் சிலிண்டருக்குக் கடினம் கொடுப்பதற்காக. வழுக்கல் அங்கேயும் ஆயிலிலிருந்துதான் வருகிறது. நிக்காசிலுக்குக்கூட ஒரு பகை உண்டு. 1990-களில் கந்தகம் அதிகமான பெட்ரோல் ஊற்றிய நாடுகளில் பிஎம்டபிள்யூ, ஜாகுவார் கார்களில் அந்த நிக்கல் அரித்துப்போய் எஞ்சின் எஞ்சினாக மாற்றிக் கொடுத்தார்கள்.

பாட்டில் பற்றி: டெஃப்லான் துகள் போட்டு விற்ற ஸ்லிக் 50 மீது அமெரிக்காவின் வணிக ஆணையம், தேய்மானம் குறையும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக வழக்குப் போட்டு 1997-இல் சமரசத்தில் முடித்தது. துகளை ஆயிலில் கலந்தால் அது போய் ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, ஃபில்டரிலும் கார்ட்டர் (ஆயில் தொட்டி) அடியிலும் படியும். உங்கள் பைக்கில் கிளட்ச் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது, அதில் வழுக்கல் மருந்து ஊற்றினால் கிளட்ச் நழுவும். வேண்டாம்.


சிதம்பரம் பொருளறிவியல்

ஒரு சின்னச் சேர்ப்பு. ஆயிலில் கரையும் மாலிப்டினம் சேர்மம் ஒன்று இருக்கிறது, சில நல்ல ஆயில்களில் தயாரிப்பாளரே கலந்திருப்பார். உலோகமும் உலோகமும் உரசும் புள்ளியில் எழும் சூட்டிலும் அழுத்தத்திலும் அது சிதைந்து, அந்த இடத்திலேயே மாலிப்டினம் டைசல்பைடு அடுக்காக மாறும். தேய்ந்தால் மறுபடி உருவாகும். பூச்சாக அடித்தது ஒருமுறை போனால் போனதுதான். உரசும் இடத்தில் தானே முளைக்கிற இந்தத் திட மசகை நான் பெரிதாக மதிக்கிறேன், ஆனால் அதன் அளவு மற்ற மருந்துகளோடு ஒத்துப்போக வேண்டும், அதனால் நாமாக எடுத்து ஊற்றுகிற விஷயம் இல்லை.

நூற்றுக்கு இருபது டீசல் மிச்சம் என்ற கணக்கையும் பார்த்துவிடலாம். ஹோம்பெர்க், ஆண்டர்சன், எர்டெமிர் மூவரும் 2012-இல் கார்களை வைத்து வெளியிட்ட கணக்கு உலகம் முழுக்கப் பயன்படுகிறது. எரிபொருளின் சக்தியில் நூற்றுக்கு 38 பங்குதான் இயக்கமாக மாறுகிறது, மீதி புகையிலும் சூட்டிலும் போகிறது. அந்த 38-இல் 33 பங்கு உராய்வைத் தாண்டவே செலவாகிறது, டயர், பிரேக், கியர் எல்லாம் சேர்த்து. எஞ்சினுக்குள் நடக்கும் உராய்வு அந்த 33-இல் 35 சதவீதம், அதிலும் பிஸ்டன், ரிங் பகுதி 45 சதவீதம். பெருக்கிப் பாருங்கள், 5 பங்கு சொச்சம் வரும். 38-இல் 5 என்றால் ஏழில் ஒன்று. பிஸ்டன் உராய்வு அறவே இல்லாமல் போனால்கூட எரிபொருள் ஏறத்தாழ 14 சதவீதம்தான் மிச்சமாகும், அப்படிப் போகவும் போகாது. ஏனென்றால் அந்த உராய்வில் பெரும்பங்கு ஆயில் படலமே இழுபடுவதால் வருவது, பூச்சு அதைத் தொடாது. உலோகம் தொடுகிற சிறு பங்கில்தான் பூச்சு வேலை செய்யும். படகில் டயரும் இல்லை பிரேக்கும் இல்லை, எஞ்சின் தள்ளுவது தண்ணீரை, சுமையோடு சீராக ஓடுகிறது, அதனால் உராய்வின் பங்கு காரைவிடக் குறைவு. இருபது என்று சொல்பவர் எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள் அண்ணா.


முதுநகர் விசைப்படகு

சிலிண்டரின் உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் இரவல் வாங்கி அளந்தோம். மேலே ரிங் திரும்பும் இடத்தில் மோசமான லைனரில் 0.31 மி.மீ. கூடுதல், நல்லதாகத் தெரிந்ததில் 0.19. நடுவில் 0.06, 0.07. அடியில் கிட்டத்தட்ட பழைய அளவு. கீறல் விழுந்த இரண்டும் பின்பக்கம், நாலும் ஆறும். பிஸ்டன் ஸ்கர்ட்டில் அந்தக் கறுப்பு ஒரு பக்கம் சுத்தமாகக் காணோம்.


தேங்காய்த்திட்டு டீசல் (புதுச்சேரி)

அண்ணே, நான் துறைமுகத்தில் படகு எஞ்சின் பார்க்கிறவன். இந்த அளவைப் பார்த்தால் லைனர் முடிந்தது, 310 மைக்ரானை எந்தக் கோட்டிங்கும் மூடாது, மெஷின்ஷாப் தம்பி சொன்னது சரி. நான் கேட்பது வேறு. பின்பக்கச் சிலிண்டர் மட்டும் ஏன் கீறியது? எஞ்சின் தண்ணீரைக் கடல்தண்ணீரால் குளிர்விக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கழற்றிப் பார்த்தீர்களா? கடல்தண்ணீர் ஓடுகிற குழாய்க்குள் உப்பும் சிப்பியும் அடைத்தால் பின்னால் இருக்கிற சிலிண்டருக்குக் குளிர்ச்சி போதாது, ஆயில் படலம் போகும், பிஸ்டன் விரிந்து பிடிக்கும். இது ஒன்று. தண்ணீர் சூடேறும் வரை ஓட்டத்தை அடைத்து வைக்கிற தெர்மோஸ்டாட் இருக்கிறதா? நம் படகுகளில் சூடாகிறது என்று அதைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நங்கூரம் போட்டு மெதுவாக ஓட்டுகிற நேரமெல்லாம் லைனர் குளிர்ந்தே கிடக்கும், எரிந்த புகையில் இருக்கும் நீராவி சுவரில் வியர்த்து, கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகி இரும்பைத் தின்னும். 2020 ஏப்ரலிலிருந்து டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கு என்று குறைத்த பிறகு இது முன்னைவிடக் குறைவு, ஆனாலும் குளிர்ந்த எஞ்சினில் எரியாத டீசல் சுவரில் வழிந்து ஆயிலைக் கழுவுவது நிற்கவில்லை. மூன்றாவது, ஏர் ஃபில்டர். கடலில் தூசி ஏது என்று ஃபில்டரே இல்லாமல் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். எஞ்சின் அறைக்குள் பறக்கிற உப்புப் பொடி, துரு, காய்ந்த வண்டல் எல்லாம் உள்ளேதான் போகிறது.


முதுநகர் விசைப்படகு

ஹீட் எக்ஸ்சேஞ்சரை இன்று பிரித்தோம் அண்ணே. குழாய்களில் மூன்றில் ஒரு பங்கு அடைப்பு, வெள்ளையாகக் கல் மாதிரி. தெர்மோஸ்டாட் பொருத்துகிற கூட்டுக்குள் ஒன்றுமே இல்லை, எஞ்சினை வாங்கும்போதே இல்லை போலிருக்கிறது. ஏர் ஃபில்டர் கூடு இருக்கிறது, உள்ளே இருக்க வேண்டிய பேப்பர் இல்லை.


பண்ருட்டி லேத்

அப்படிச் சொல்லுங்கள். வியாதி அங்கே இருக்கும்போது லைனருக்கு மை பூசி என்ன பயன்? நான் கிராஃபைட் தடவியது இறக்கும்போது மட்டும், அதுவும் பம்புசெட்டுக்கு.


சேதராப்பட்டு மெஷின்ஷாப்

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் புது ரிங் போடும்போது போரில் கிராஃபைட், மாலி பேஸ்ட் தடவுவது இப்போதைய எஞ்சினுக்கு வேண்டாம் என்பதைச் சொல்லியாக வேண்டும். புது ரிங் லைனரோடு உட்கார வேண்டும். ஹோனிங் முகடுகளும் ரிங்கின் முகமும் முதல் சில மணி நேரம் ஒன்றையொன்று கொஞ்சம் தேய்த்து முகம் பொருந்தினால்தான் கம்ப்ரஷன் நிற்கும். அந்த நேரத்தில் அதிக வழுக்கல் இருந்தால் ரிங் உட்காராமலே சுவர் கண்ணாடியாகிவிடும், பிறகு ஆயில் குடிப்பது நிற்கவே நிற்காது. லைனரில் சுத்தமான எஞ்சின் ஆயில் மட்டும் தடவுங்கள். கேம் ஷாஃப்ட், டேப்பெட், புஷ்ராடு முனை, அங்கே மாலி பேஸ்ட் தாராளமாகத் தடவலாம், அது அதற்கான இடம்.


தாழங்குடா ஃபைபர்

அப்போ எஞ்சின் சிலிண்டருக்குள் திட மசகுப் பூச்சு என்பதே உலகத்தில் வேலைக்கு ஆகாதா?


சிதம்பரம் பொருளறிவியல்

ஆகும், ஆனால் நம் பட்டறை ஸ்ப்ரே துப்பாக்கியில் வருவது இல்லை. ரிங்கிலும் பிஸ்டன் பின்னிலும் வைரம் போன்ற கார்பன் என்று ஒரு பூச்சு இன்று தொழிற்சாலைகளில் ஏறுகிறது, வெற்றிட அறையில் சில மைக்ரான் கனத்துக்குப் படிய வைப்பது, கடினமும் வழுக்கலும் ஒன்றாக வருவது அதன் சிறப்பு. போருக்குள் என்றால் நிசான் ஜிடி-ஆர் போன்ற கார்களில் இரும்பை உருக்கி அலுமினியச் சுவரில் தெளித்துவிட்டு, லைனரே இல்லாமல் ஓட்டுகிறார்கள். மெர்சிடிஸ் இதே வழியில் நானோஸ்லைடு என்று ஒன்றை வைத்திருக்கிறது. அங்கேயும் உராய்வு குறைவது கண்ணாடி போன்ற முகத்தாலும் நுண்துளையில் தங்கும் ஆயிலாலும்தான்.

ஆயிலே நிற்க முடியாத சூட்டுக்குத்தான் திட மசகு தனியாளாகத் தேவை. 1980-களில் அமெரிக்க ராணுவமும் கம்மின்ஸும் சேர்ந்து ரேடியேட்டரே இல்லாத டீசல் எஞ்சின் செய்யப் பாடுபட்டார்கள், செராமிக் போட்டு வெப்பத்தை உள்ளேயே அடைத்து வைக்கும் யோசனை. போரின் மேல்பகுதியில் ஆயில் கருகிவிடுகிறது என்பதுதான் பெரிய முட்டுக்கட்டை. நாசாவில் அதே காலத்தில் குரோமியம் கார்பைடோடு வெள்ளியும் பேரியம், கால்சியம் ஃபுளோரைடும் கலந்து பிளாஸ்மாவில் தெளிக்கிற பூச்சு செய்தார்கள். குளிர்ந்த நிலையில் வெள்ளி வழுக்கும், சூடேறினால் ஃபுளோரைடு மென்மையாகி வழுக்கும், 900 டிகிரி வரை ஒரே பூச்சு வேலை செய்தது. ஸ்டிர்லிங் எஞ்சின் சிலிண்டரில் அதைச் சோதித்தார்கள். எனக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும், ஒவ்வொரு சூட்டுக்கும் ஓர் ஆளை நியமித்த அந்த யோசனை அருமையானது. ஆனால் 80, 90 டிகிரித் தண்ணீரில் குளிரும் படகு எஞ்சினுக்கு அது எதற்கு?

கடல் ஓரம் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் வேண்டும். கிராஃபைட் மின்சாரம் கடத்தும். உப்புத்தண்ணீர் இருக்கும் இடத்தில் அலுமினியம், இரும்பு மேல் கிராஃபைட் கிரீஸ் தடவினால் அது மின்கலம் மாதிரி வேலை செய்து அந்த உலோகத்தை அரிக்கும். ஆயிலுக்குள் பிரச்சினை இல்லை. ஆனால் வெளியில் இருக்கிற போல்ட், ஷாஃப்ட், புகைக்குழாய் இணைப்பில் கிராஃபைட் கிரீஸ் வேண்டாம்.


தேங்காய்த்திட்டு டீசல்

சரி, முதுநகர் அண்ணன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆறு லைனர், ரிங் செட் புதிது. ஸ்கர்ட் கறுப்பு போன பிஸ்டனை அளந்து பாருங்கள், கீறிய இரண்டும் எப்படியும் மாற்ற வேண்டும், புதிதில் அந்தக் கோட்டிங் கம்பெனியிலேயே வரும், தனியாக யாரிடமும் அடிக்க வேண்டாம். லைனர் இறக்கிய பிறகு பிளாக்கைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள், அது தப்பினால் ஹெட் கேஸ்கெட் போகும். ரிங்கைத் தனியாக லைனருக்குள் வைத்து வாய் இடைவெளி பாருங்கள், 100 மி.மீ. போருக்கு 0.3, 0.4 மி.மீ. பொது வழக்கு, உங்கள் எஞ்சின் கையேட்டில் இருப்பதே முடிவு. எக்ஸ்சேஞ்சர் குழாய்களைச் சுத்தம் செய்து, முடியாததை மாற்றி, தெர்மோஸ்டாட் போடுங்கள். ஏர் ஃபில்டர் பேப்பர் போடாமல் சாவி திருப்பாதீர்கள்.


சேதராப்பட்டு மெஷின்ஷாப்

உங்கள் லைனர் இறக்கிய பிறகு ஹோனிங் போடுகிற வகையா, முடித்தே வருகிற வகையா என்று பாருங்கள். போடுவதானால் முதலில் கரடுமுரடான கல்லில் குறுக்குக் கோடு, பிறகு மெல்லிய கல்லால் முகடுகளை மட்டும் நாலைந்து சுற்று வாங்கிவிடச் சொல்லுங்கள், பள்ளம் இருக்க வேண்டும், முனை இருக்கக் கூடாது.

அதற்குப் பிறகு கழுவுவதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். டீசலிலோ மண்ணெண்ணெயிலோ துடைத்தால் கல் துகள் கோடுகளுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் கோட்டின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். துடைத்துக் காயவைத்து, வெள்ளைத் துணியில் துளி ஆயில் தொட்டு லைனரை உள்ளே அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் வந்தால் மறுபடி கழுவுங்கள். மூன்றாவது நான்காவது முறைதான் துணி வெள்ளையாகவே வரும். வந்ததும் உடனே ஆயில் பூசிவிட வேண்டும், முதுநகர் காற்றுக்கு வெறும் வார்ப்பிரும்பு ஒரு இரவு தாங்காது, காலையில் துரு பூத்திருக்கும்.


முதுநகர் விசைப்படகு

லைனர் சொல்லியாகிவிட்டது, எக்ஸ்சேஞ்சரைப் புதுச்சேரிக்கு அனுப்பியிருக்கிறோம். பட்டறைக்காரரிடம் 310 மைக்ரான், 15 மைக்ரான் கணக்கைக் காட்டினேன், அவரும் யோசித்துவிட்டு லைனரே மாற்றிவிடலாம் என்றார். கடைசியாக ஒன்று: ஏற்றிய பிறகு எஞ்சினைக் கரையிலேயே மெதுவாக நாள் முழுக்க ஓடவிட்டால் ரிங் உட்கார்ந்துவிடும் என்கிறார்கள், சரியா?


தேங்காய்த்திட்டு டீசல்

வேண்டாம் அண்ணே. ஸ்லோவில் நாள் முழுக்க ஓடினால் அழுத்தம் இல்லாமல் ரிங் சுவரை நன்றாகத் தொடாது, லைனர் கண்ணாடியாகும். ஸ்டார்ட் செய்து ஆயில் பிரஷர், தண்ணீர் ஓட்டம், கசிவு பார்த்துச் சூடேறியதும் படகை நகர்த்துங்கள். முதல் ஓட்டத்தில் பாதிச் சுமைக்கு மேல் கொடுங்கள், ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டு போகாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், முழு த்ராட்டில் மட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்து, ஃபில்டரை வெட்டிப் பிரித்து மடிப்புக்குள் என்ன இருக்கிறது என்று படம் எடுத்து இங்கே போடுங்கள்.